முதுகில் கட்டும் விளக்கு

கனகசபாபதி கேட்டது ஒன்றும் சிக்கலான கேள்வியில்லை. இருட்டில் கடலுக்குள் இறங்குவதற்கு எந்த விளக்கு நல்லது என்று கேட்டார்.

"எதுக்கு நல்லது?" என்று ஜெசிந்தா திருப்பிக் கேட்டாள்.

அவருக்கு அங்கேயே குழப்பம் தொடங்கிவிட்டது. விளக்கு எதற்கு நல்லதாக இருக்க வேண்டும்? வெளிச்சத்துக்குத்தான். கோவில்பட்டியில் முப்பது வருஷமாக சீரியல் செட் போடுகிற மனுஷரிடம் கேட்கிற கேள்வியா இது? கோயில் கொடை, தேரோட்டம், கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அவர் விளக்குக் கட்டாத தெரு அந்த வட்டாரத்தில் கிடையாது. தெப்பத்தின் நடுவில் மயில் தோகை விரிப்பது போல விளக்கு ஓட விட்டவர். அவரிடம் போய், எதுக்கு நல்லது என்றால் என்ன சொல்வது?

"ஆளத் தவற விடாம இருக்கதுக்கு" என்றார்.

"யார?"

"என் வீட்டுக்காரியத்தான்."

ஜெசிந்தா வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே குழாயடியில் அவர் மனைவி மரகதம் இரண்டு பேருடைய முக்குளிப்புக் கண்ணாடிகளையும் உப்புப் போகக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா எழுந்து சாப்பிடப் போய்விட்டாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டியிருந்தது அந்த முக்குளிப்புப் பள்ளி. பள்ளி என்றால் இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை, ஒரு படகு. ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது, கனகசபாபதியின் மூத்த மகளைவிட ஒரு வயது கூட. முதல் நாள் அவளை அவர் "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டார். மரகதம் இடுப்பில் ஒரு இடி இடித்த பிறகு அது "டீச்சர்" ஆனது. அவருக்கு ஐம்பத்தாறு. இவ்வளவு வயதுக்கு மேல் யாரிடமும் கைகட்டிப் பாடம் கேட்க வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அதுவும் இப்படி ஒரு கேள்வி கேட்டால் சாப்பிடப் போய்விடுகிற டீச்சரிடம்.

இந்த வயதில் இரண்டு பேரும் கடலுக்குள் இறங்க வந்ததே ஒரு கூத்து. கல்யாண வீடு ஒன்றில் மாப்பிள்ளைப் பையன் கடலடியில் எடுத்த வீடியோவைக் காட்டினான். கனகசபாபதி அன்றைக்கே போன் பண்ணி இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டார். மரகதத்திடம் கேட்கவில்லை. அவர் எதையும் அவளிடம் கேட்டுச் செய்வதில்லை. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, நல்லதாகப் பார்த்து அவரே செய்துவிடுவார், அவ்வளவுதான். சேலை எடுக்கப் போனாலும் நிறம் அவர்தான் சொல்வார். பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க அவள் திட்டிக்கொண்டே வந்தாள்.

இறங்கிய பிறகு கதை மாறிவிட்டது. தண்ணீருக்கடியில் அவரால் பேச முடியாது. அது மரகதத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவருக்கோ வேறு ஒன்று பிடித்துப்போனது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கீழே போனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூட வருகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. கண்ணாடிக்குள் அவள் கண் சிரிக்கிறதா, பயப்படுகிறதா, போதும் என்கிறதா என்று பார்த்துத்தான் நகர வேண்டும். முப்பத்து மூன்று வருஷத்தில் அவளுடைய கண்களை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அங்கேதான். மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கண்களைப் பார்க்கத்தான் அவர் கோவில்பட்டியிலிருந்து கிளம்பி வந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

தை மாதம் ஒரு தப்பு நடந்துவிட்டது. தண்ணீர் அன்றைக்குக் கலங்கல். கனகசபாபதி ஒரு திருக்கை மீனைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே போனார், திரும்பினால் மரகதத்தைக் காணோம். மேலே வந்து படகைப் பிடித்து, அவளும் மேலே வந்து சேர்வதற்குள் நாலு நிமிஷம் ஆகிவிட்டது. படகில் அவள் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மரகதம் காணாமப் போயிட்டா, பதறிப்போயிட்டேன்" என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்வார்.

அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தோசைக்கல்லைப் பார்த்தபடியே சொன்னாள்: "இன்னொரு மட்டம் இப்படி ஆச்சுன்னா நான் எறங்க மாட்டேன். அப்புறம் என்னைக் கூப்பிடாதீய."

கடலுக்குள் யாரும் தனியாக இறங்குவதில்லை. அவள் இறங்காவிட்டால் அவருக்கும் கடல் இல்லை. வேறு யாருடனாவது இறங்கலாம்தான். ஆனால் வேறு யாருடைய கண்ணையோ பார்த்துக்கொண்டு அங்கே அவருக்கு என்ன வேலை?

இப்போது சித்திரை அமாவாசை வருகிறது, சனிக்கிழமை. அன்று இருட்டியதும் பாருக்குப் போகலாம் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். கடலடிப் பாறைத் திட்டை அந்தப் பக்கத்தில் பார் என்றுதான் சொல்வார்கள். பகலில் கல் மாதிரிக் கிடக்கிற பவளமெல்லாம் இருட்டில் பூத்துவிடும், கணவாய் மீன் விளக்கைத் தேடி வரும் என்று சொன்னதும் மரகதத்தின் முகம் மலர்ந்ததை அவர் கவனித்தார். ஆனால் வெள்ளிக்கிழமை அந்தி வேளையில் கரையோரம் ஒத்திகை. அதில் சரியாக வந்தால்தான் சனிக்கிழமை. பகலிலேயே தவற விட்டவர் இருட்டில் என்ன செய்யப் போகிறார் என்று மரகதம் கேட்கவில்லை, ஆனால் கண்ணாடி கழுவும்போது அவள் முதுகு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று புதன்கிழமை. அதனால்தான் அவருக்கு விளக்கு விஷயத்தில் அவ்வளவு அக்கறை.

ஜெசிந்தா சாப்பிட்டுவிட்டுக் கையில் ஒரு வாளியோடு வந்தாள். அரிசி களைந்த தண்ணீர், வெள்ளையாக இருந்தது. மரப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த டார்ச்சுகளில் ஒன்றை எடுக்கச் சொன்னாள். கனகசபாபதிக்கு இப்போதுதான் உயிர் வந்தது. ஒவ்வொன்றாக எரிய விட்டுப் பார்த்து, சுவரில் அடித்துப் பார்த்து, இருப்பதிலேயே பெரியதை எடுத்தார். கல்யாண மண்டபத்துக்கே காணும் அந்த வெளிச்சம்.

"வாளிக்குள்ள ஒரு சோழி கெடக்கு" என்றாள் ஜெசிந்தா. "பாருங்க."

கதவைச் சாத்தினாள். அவர் டார்ச்சை அடித்தார். வாளி முழுக்க ஒரே வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்ப்பது போல இருந்தது. பக்கத்தில் கொண்டுபோனார், இன்னும் வெள்ளை. கண் கூசியதுதான் மிச்சம்.

ஜெசிந்தா விரல் தடிமனில் இருந்த சின்ன டார்ச்சை எடுத்து, வாளியின் ஓரமாகத் தாழ்த்திச் சாய்த்துப் பிடித்தாள். அடியில் சோழி தெரிந்தது.

"புரிஞ்சிட்டு டீச்சர்" என்றார் கனகசபாபதி. தனக்கு நிஜமாகவே புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். ஜெசிந்தா வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தென்னைக்கு ஊற்றினாள்.

மறுநாள் காலையில் பெரிய டார்ச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பெட்டியில் இருந்ததிலேயே சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பாடத்தை ஒப்பிக்க வந்த முகம்.

ஜெசிந்தா கடலைப் பார்த்தாள்.

"இன்னைக்குத் தண்ணி தெளிஞ்சி கெடக்கே" என்றாள்.

"நேத்துச் சின்னதுதான் நல்லதுன்னு காமிச்சீங்க?"

"நேத்துத் தண்ணி கலங்கல்."

"அப்போ நாளைக்கு எப்படி இருக்கும்?"

"நாளைக்குத்தான் தெரியும்."

கனகசபாபதி மணலில் உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தின் அளவைச் சொன்னால் அவர் இருந்த இடத்திலேயே விளக்கின் கணக்கைச் சொல்லிவிடுவார். இங்கே அளவும் இல்லை, கணக்கும் இல்லை. போதாததற்கு, நேற்றுச் சொன்னதை இன்று டீச்சரே மாற்றுகிறாள். இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைசியில், பெரியது கையில், சின்னது சட்டைப் பையில். அதற்கு அவள் தலையாட்டினாள். ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"கையில இருக்கது அணைஞ்சி போச்சுன்னா?"

"பையில இருக்கத எடுப்பேன்."

"அதுவும் அணைஞ்சா?"

"மரகதம் கையில ஒண்ணு எரியும்லா, அதப் பாத்துப் போயிருவேன்."

"அக்கா கையில இருக்கது அணைஞ்சா?"

"என் வெளிச்சத்துல அவளப் பாத்துருவேன்."

"அக்கா உங்கள எப்படிப் பாப்பாங்க?"

இது என்ன கேள்வி என்று அவருக்கு விளங்கவில்லை. "அவ ஏன் பாக்கணும்? அதான் நான் அவளப் பாத்துருவேன்னு சொல்லுதேன்ல" என்றார்.

ஜெசிந்தா அதற்கு மேல் கேட்கவில்லை. படகில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். தான் சொன்னது சரியா தப்பா என்று தெரியாமல் கனகசபாபதி அன்று முழுக்கத் திண்டாடினார். சரி என்றால் சரி என்று சொல்லியிருப்பாள். தப்பு என்றால் தப்பு என்று சொல்ல வேண்டியதுதானே. சாப்பாட்டின்போது மரகதத்திடம் புலம்பினார். "அந்தப் பிள்ள கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே" என்றாள் அவள். இவளும் ஆரம்பித்துவிட்டாள் என்று அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் மார்க்கர் விளக்குப் பாடம். அன்றைய ஒத்திகைக்கு இன்னும் இரண்டு பேர், வள்ளியூரிலிருந்து வந்திருந்த அண்ணன் தம்பி. நாலு பேரும் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் குட்டிக் குட்டி விளக்குகள், சுண்டுவிரல் நீளம். பச்சை, நீலம், ஆரஞ்சு, சிவப்பு, இப்படி. மூடியை ஒரு திருகு திருகினால் நின்று எரியும், இரண்டு திருகு திருகினால் விட்டு விட்டு மினுக்கும். இதை முதுகில் இருக்கிற காற்றுச் சிலிண்டரின் கழுத்தில் கட்ட வேண்டும். டார்ச் என்பது முன்னால் அடிப்பது, பின்னால் இருக்கிறவனுக்கு அது இருட்டுத்தான். அவன் பார்ப்பதற்கு இது என்று ஜெசிந்தா விளக்கினாள். எல்லோரும் மேலே ஏறி வர நடுவில் ஒரு கயிறு இருக்கும், அதில் மட்டும் பச்சை மினுக்கும், வேறு எங்கேயும் மினுக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

அவள் சொன்னது மூன்று பேர் காதில் விழுந்தது. கனகசபாபதி அப்போது டப்பாவுக்குள் இருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் கை வேலை தெரிந்த கை. மரகதத்தின் சிலிண்டரை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, கழுத்தைச் சுற்றி நாலு பச்சை மார்க்கரை ஒரே இடைவெளியில் கட்டினார். நாலையும் இரண்டு திருகு திருகினார். மூடிகளை முன்னே பின்னே திருகித் திருகி, ஒன்று அணையும்போது அடுத்தது எரிகிற மாதிரிப் பார்த்து விட்டார். பச்சை விளக்கு சிலிண்டரைச் சுற்றி ஓடியது. ஒரு சின்னக் கோபுரம் போலத்தான் இருந்தது. வள்ளியூர்த் தம்பி வாயைப் பிளந்து பார்த்தான்.

"ஏங்க, இது மினுக்கலாமா?" என்று மரகதம் மெதுவாகக் கேட்டாள்.

"லைட்டப் பத்தி உனக்கு என்ன தெரியும்? மினுக்குனாத்தான் கண்ணு அங்க போகும். நின்னு எரிஞ்சா ஒருத்தனும் பாக்க மாட்டான். இனி நீ எங்க போனாலும் என் கண்ணுல இருந்து தப்ப முடியாது."

அவர் குரலில் இருந்தது பெருமை மட்டும் இல்லை. மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்குவது போலவும் இருந்தது. மரகதத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டும், வாதாடவில்லை. டப்பாவுக்குள் கை விட்டு ஒரு ஆரஞ்சு நிற மார்க்கரை எடுத்தாள். ஒரு திருகு திருகி, எரிகிறதா என்று பார்த்தாள்.

"இது உங்களுக்கு" என்றாள்.

"எனக்கு எதுக்கு? நான்தான் பின்னாலயே வாரேன்ல. அதப் போட்டிரு."

ஜெசிந்தா இதைக் கேட்டாள். மரகதத்தின் சிலிண்டரில் ஓடுகிற பச்சையையும் பார்த்தாள். அவிழ்க்கச் சொல்வாள் என்று அண்ணன்காரன் எதிர்பார்த்தான். அவளோ கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"கலங்கரை விளக்குல ஒருத்தர் வேல பாத்தாரு. முப்பத்தஞ்சு வருசம். தெனமும் அந்தியில படியேறி விளக்கப் பொருத்துவாரு. கண்ணாடிய அவர்தான் தொடைப்பாரு, வேற யாரையும் தொட விட மாட்டாரு. ரிட்டையர் ஆன அன்னைக்கு மச்சான் வள்ளத்துல ஏறிக் கடலுக்குப் போனாரு, மொத மட்டமா. இருட்டுச்சு. கரைப்பக்கம் ஒரு விளக்கு வெட்டி வெட்டி எரிஞ்சுது. 'நல்லாருக்கே, அது எந்த ஊரு விளக்கு மச்சான்?'னு கேட்டாரு."

வள்ளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். மரகதம் சிரிக்கவில்லை.

"மச்சான் என்ன சொன்னாரு?" என்று கனகசபாபதி கேட்டார்.

"மச்சான் ஒண்ணும் சொல்லல."

"அவரு விளக்கு அவருக்கே தெரியாமப் போச்சா? ஏன், கண்ணு மங்கிட்டா?"

"கண்ணு நல்லாத்தான் இருந்துது" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா டப்பாவை மூடினாள்.

கனகசபாபதி அந்தக் கதையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியை நன்றாகத் துடைக்க வேண்டும் என்கிறாளா? விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது என்றாளே, அப்படியானால் மினுக்குவது நல்லது என்பதுதானே அர்த்தம்? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ஆனாலும் அந்த மச்சான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

சூரியன் மறைந்து, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமானபோது நாலு பேரும் இறங்கினார்கள். அலையைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவின் உள்பக்கம் அலை இல்லை. ஆழம் இரண்டு ஆள் உயரம், அவ்வளவுதான். யாருக்கும் ஆபத்து வர வழியில்லாத இடம். நடுவில் ஒரு மிதவை, அதிலிருந்து அடி வரைக்கும் கயிறு. ஜெசிந்தா தன் விளக்குகளை அணைத்துவிட்டு, கண்ணாடியோடு தண்ணீரின் மேல் மிதந்தாள். கீழே நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. கனகசபாபதி பெரிய டார்ச்சை அடித்தார், வெள்ளையாகப் போனது. வாளி ஞாபகம் வந்து சின்னதை எடுத்தார், தாழ்த்திச் சாய்த்துப் பிடித்தார். அடிமணல் தெரிந்தது. அட, வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, மணலில் ஊர்ந்த ஒரு நண்டை ஒரு நொடி பார்த்தார். ஒரே ஒரு நொடி என்று அவர் பிற்பாடு சத்தியம் செய்தார்.

நிமிர்ந்தபோது சுற்றிலும் இருட்டு. ஆனால் உடனே, சற்றுத் தள்ளி, பச்சை மினுக்கியது. நல்ல வேளை. அவர் கட்டிய விளக்கு அவரைக் கைவிடவில்லை. நிதானமாகக் காலை அடித்து அதை நோக்கிப் போனார். பக்கத்தில் போனதும், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி டார்ச்சால் மணலில் ஒரு வட்டம் போட்டார். நான் நலம், நீ நலமா என்று அர்த்தம். பதில் வரவில்லை. இன்னொரு வட்டம் போட்டார். கோபமாக இருக்கிறாள் போல என்று நினைத்து, கை நீட்டித் தோளைத் தொட்டார்.

கயிறு.

மேலே பார்த்தார், மிதவையின் அடிப்பக்கம் தெரிந்தது. கீழே பார்த்தார், நங்கூரக் கல். நடுவில் ஒற்றைப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அது எப்படி இங்கே வந்தது என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படியானால் மரகதம் எங்கே? கயிற்றைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி டார்ச்சை அடித்தார். எந்தப் பக்கம் வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. தை மாதம் வந்த அதே பதற்றம் வந்தது. இரண்டு ஆள் ஆழம்தான், கரை கூப்பிடு தூரம்தான், தெரிந்தும் மேலே வந்துவிட்டார்.

நாற்பது அடி தள்ளி மரகதத்தின் தலையும் தண்ணீருக்கு மேலே வந்தது. அவளுக்கு இடமும் வலமுமாக வள்ளியூர் அண்ணனும் தம்பியும். தம்பியின் கை இன்னும் அவள் சிலிண்டரின் மேல் இருந்தது.

"மன்னிச்சிக்கோங்கக்கா" என்றான். "பச்ச மினுக்குச்சா, நாங்க கயிறுன்னு நெனச்சி உங்க பின்னாலயே சுத்திக்கிட்டு இருக்கோம்."

கரைக்கு வந்தார்கள். அண்ணனும் தம்பியும் சிலிண்டரை இறக்கிவிட்டு, இங்கே நிற்பது உசிதமில்லை என்று கொட்டகைக்குள் போய்விட்டார்கள். மரகதம் மணலில் உட்கார்ந்து கால் துடுப்புகளைக் கழற்றினாள். கனகசபாபதி முதுகில் சிலிண்டரோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொல்லப் போகிறாளோ என்று பயமாக இருந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது. அதனால் அவரே முந்திக்கொண்டு, அந்தக் கயிற்றில் பச்சையைக் கட்டியவர்கள் மேல்தான் தப்பு, வேறு நிறம் கிடைக்கவில்லையா, நான் எவ்வளவு தேடினேன் தெரியுமா என்றெல்லாம் பேசினார்.

"நானும் தேடுனேன்" என்றாள் மரகதம்.

"நீ எதுக்கு..."

"நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். எல்லாப் பக்கமும் ஒண்ணு போல இருந்துச்சு. என் முதுகுலதான் என்னமோ பச்சையா மினுக்கிக்கிட்டே இருந்துச்சு, மணல்ல நெழல் ஆடுச்சு. உங்களக் காணோம்."

அவர் வாயைத் திறந்தார். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"தை மாசமும் அப்படித்தான். விட்ட எடத்துலயே முட்டி போட்டு ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்கதான் எங்கயும் இல்ல."

கனகசபாபதி மூன்று மாதமாக எத்தனையோ பேரிடம் சொன்ன கதை அது. மரகதம் காணாமப் போயிட்டா. இப்போது அதை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார், வாக்கியம் சரியாக வரவில்லை. அவள் சிலிண்டரில் அந்தப் பச்சை விளக்குகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. எட்டி ஒவ்வொன்றாக மூடியைத் திருகினார். மூன்றை அணைத்தார். ஒன்றை மட்டும் நின்று எரிய விட்டார்.

ஜெசிந்தா தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே இருவருக்கும் முன்னால் நின்றாள். நாளைக்குக் கூட்டிப் போவீங்களா என்று கேட்க அவருக்கு நா எழவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் அதுதானா என்பதும் குழப்பமாக இருந்தது. மரகதத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

"டீச்சர்" என்றார். "எனக்கும் ஒண்ணு கட்டிக்கிடுதேன். முப்பது வருசமா லைட்டுப் போடுதேன், எனக்கே எது கட்டணும்னு தெரியல. எந்தக் கலர் நல்லா இருக்கும், நீங்களே சொல்லிருங்க."

"அத நீங்க பாக்கவே போறதில்லையே அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா. "நானும் பாக்கப் போறதில்ல."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்துவிட்டாள்.

கனகசபாபதி மரகதத்தின் பக்கம் திரும்பினார். கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை, கேட்டுப் பழக்கமில்லை. அவள் மடியில் இருந்த பையின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கண்ணாடித் துணிக்கு அடியில், மதியம் அவர் போட்டுவிடச் சொன்ன ஆரஞ்சு விளக்கு கிடந்தது. எடுத்து ஒரு திருகு திருகினாள். அது நின்று எரிந்தது.

அவர் மணலில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டினார்.